மதிலுக்கு உள்ளே நின்று பிடித்த வெயில்

தென்பிரான்சின் ஆந்தீப் முனையில், கடலோரப் பாறையைக் குடைந்து கட்டிய நீச்சல் குளம் ஒன்று இருக்கிறது. ஓட்டல் து காப் – ஈடன் ராக் விடுதியுடையது. 1976 ஆகஸ்டில் அமெரிக்கப் புகைப்படக்காரர் ஸ்லிம் ஆரன்ஸ் அதை உயரத்திலிருந்து வண்ணத்தில் எடுத்தார். குளத்தைச் சுற்றிப் பலர் வெயில் காய்கிறார்கள், பாறைக்கு அப்பால் கடல். யாருடைய முகமும் பெரிதாக இல்லை. பலரை அடையாளம் காணவே முடியாது. ஆனாலும் பார்த்த கணத்தில் அது செல்வந்தர்களின் கோடை என்று மனத்தில் பதிந்துவிடுகிறது.

இந்த வகைப் படங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஆட்களைப் பற்றியே எழுதுகிறார்கள்: எந்த இளவரசி, எந்தத் தொழிலதிபர், யாருடைய எத்தனையாவது மனைவி. படத்தைப் புரிந்துகொள்ள அதைவிடப் பயன்படும் கேள்வி, எடுத்தவர் எங்கே நின்றார் என்பது. 1950களிலிருந்து 1970கள் வரை மத்தியதரைக் கடலோர வில்லாக்களில் எடுத்த இந்தப் படங்கள் மதிலுக்கு உள்ளே, அழைப்பின் பேரில் போய் நின்று எடுத்தவை. லென்ஸ், ஃபிலிம், எடுத்த நேரம், நின்ற உயரம், அடிக்குறிப்பு ஆகிய அனைத்திலும் அந்த அழைப்பின் தடம் இருக்கிறது.

ஸ்லிம் என்று அழைக்கப்பட்ட ஜார்ஜ் ஆலன் ஆரன்ஸ் 1916இல் நியூயார்க்கில் பிறந்தவர். வசதியில்லாத யூதக் குடியேறிக் குடும்பம். பிற்காலத்தில் அந்தப் பின்னணியை மறைத்து, தன்னை நியூ ஹாம்ப்ஷயரில் வளர்ந்த அநாதை என்றே சொல்லிவந்தார். உண்மை வெளிவந்தது அவர் 2006இல் இறந்த பிறகு. பதினெட்டு வயதில் ராணுவத்தில் சேர்ந்தார். இரண்டாம் உலகப் போரில் 'யாங்க்' என்ற ராணுவ வார இதழுக்குப் படம் எடுத்து, காயம்பட்டு, பர்ப்பிள் ஹார்ட் பதக்கம் பெற்றார். போர் முடிந்ததும் இனிக் கால் வைக்கத் தகுந்த கடற்கரை அழகான பெண்கள் வெயில் காயும் கடற்கரை மட்டுமே என்று முடிவு செய்துகொண்டதாகச் சொல்வார். 'லைஃப்' இதழுக்காக ரோமில் வேலை செய்தார். பிறகு 'ஹாலிடே', 'டவுன் அண்ட் கன்ட்ரி' போன்ற இதழ்கள் அவரை ஊர் ஊராக அனுப்பின. ஒப்பனைக் கலைஞர், உடை அலங்காரம் செய்பவர், விளக்குக் குழு என்று யாரையும் கூட்டிக்கொண்டு போவதில்லை. வீட்டுக்காரர் தம்முடைய உடையில், தம்முடைய நாற்காலியில் இருப்பார். தாம் எடுப்பது கவர்ச்சியான மனிதர்கள் கவர்ச்சியான இடங்களில் கவர்ச்சியான காரியங்களைச் செய்வதை என்று ஒரே வரியில் வேலையை விளக்கிவிட்டார்.

அவருக்குக் கதவு திறந்ததற்குக் காரணம் எளியது. அவர் எடுத்தது வெளிவந்தால் வீட்டுக்காரருக்குச் சங்கடம் வராது. இது எவ்வளவு பெரிய முதலீடு என்பது அதே காலத்து ரோமைப் பார்த்தால் விளங்கும். 1958 ஆகஸ்டில் ஓரிரவு வியா வெனெத்தோ சாலையில், எகிப்தின் முன்னாள் மன்னர் ஃபரூக் தம்மைப் படம் எடுத்தவர்கள்மீது பாய்ந்ததை தாட்ஸியோ செக்கியரோலி படமாக்கினார். அந்தத் தெருவின் படக்காரர்களை வைத்துத் திரைப்பட இயக்குநர் ஃபெலினி 1960இல் உருவாக்கிய பாத்திரத்தின் பெயர்தான் 'பப்பராட்ஸி' என்ற சொல்லாயிற்று. பிரபலங்கள் மதிலை உயர்த்தியதும் அந்த ஆட்கள் நீண்ட லென்ஸுக்கு மாறினார்கள்.

இரண்டையும் பிரித்தறியப் படத்தின் கீழே பெயர் தேவையில்லை. 300 மில்லிமீட்டர் லென்ஸில் எடுத்த படத்தில் பின்னணி முன்னால் வந்து ஒட்டிக்கொள்ளும். பத்து மீட்டர் இடைவெளியில் இருக்கும் இருவர் தோளோடு தோள் உரசுவதுபோல் தெரிவார்கள். முன்னால் ஓர் இலையோ கம்பியோ மங்கலாகக் குறுக்கே நிற்கும். வில்லாவுக்குள் எடுத்த படத்தில் இது தலைகீழ். 35 அல்லது 50 மில்லிமீட்டர் லென்ஸ், தரையின் கல் வரிசை காலடியிலிருந்து கடல்வரை விரிந்து போகும், நாற்காலிக்கும் குளத்துக்கும் நடுவே எத்தனை அடி என்று கண்ணால் அளக்கலாம். அந்த இடைவெளிதான் செல்வம். நெருக்கமில்லாத இடத்தை வாங்கி வைத்திருப்பவர்கள் இவர்கள் என்பதை நகையோ காரோ சொல்வதைவிட, இருவருக்கு நடுவே கிடக்கும் வெறுந்தரை சொல்கிறது.

ஆட்கள் சிறிதாகத் தெரிவதற்கு வேறொரு காரணமும் உண்டு. அது கணக்கில் வருவது. இதழ்கள் விரும்பிய 6×6 சென்டிமீட்டர் ஃபிலிமுக்குரிய ரோலைஃப்ளெக்ஸ் போன்ற கேமராவில் லென்ஸ் 75 மில்லிமீட்டர். ஒளி நுழையும் துளையை எஃப் 8இல் வைத்து (எண் கூடக் கூடத் துளை சிறுக்கும்), 14 மீட்டரில் ஃபோகஸ் செய்தால் 7 மீட்டரிலிருந்து அடிவானம்வரை கூர்மையாக வரும். 7 மீட்டருக்கு உள்ளே ஆள் வந்தால் ஒன்று ஆள் மங்கும், அல்லது கடலும் மலையும் மங்கும். வில்லாப் படத்தில் கடல் மங்கினால் படமே போயிற்று. வாசகர் காசு கொடுத்து வாங்குவது அந்தக் காட்சிக்காக. எனவே படக்காரர் பின்னால் நகர்கிறார். 35 மில்லிமீட்டர் ஃபிலிமில், 35 மில்லிமீட்டர் லென்ஸோடு அதே எஃப் 8இல் இந்த எல்லை ஏறத்தாழ இரண்டரை மீட்டராகக் குறையும். காபி மேசைக்கு எதிரே உட்கார்ந்து எடுத்ததுபோல் இருக்கும் படங்கள் பெரும்பாலும் சிறிய கேமராவின் வேலை.

அப்படியானால் துளையை எஃப் 16க்குச் சுருக்கி இன்னும் கிட்டே போயிருக்கலாமே என்று கேட்கலாம். ஃபிலிம் விடாது. 1936இல் 35 மில்லிமீட்டர் கேமராவுக்கு வந்த, கோடாக்கின் வண்ண ஸ்லைடு ஃபிலிமான கோடாக்குரோமின் வேகம், அதாவது ஒளியை உணரும் திறன், ஏ.எஸ்.ஏ. 10தான். உச்சி வெயிலில் எஃப் 6.3, ஐம்பதில் ஒரு வினாடி. 1961இல் வந்த கோடாக்குரோம் 2 ஏ.எஸ்.ஏ. 25க்கு உயர்ந்தது, அதற்கு எஃப் 8, ஏறக்குறைய 125இல் ஒரு வினாடி. நடுத்தர அளவு கேமராவுக்கு 1955இலிருந்து கிடைத்த, கோடாக்கின் மற்றொரு ஸ்லைடு ஃபிலிமான எக்டாகுரோம் ஏ.எஸ்.ஏ. 32, 1963இல் வந்த எக்டாகுரோம்-எக்ஸ் 64. மதிய வெயிலின் முழு வெளிச்சத்தையும் தின்றுகூட எஃப் 8ஐத் தாண்டச் சிரமப்பட்ட ஃபிலிம்கள் இவை. நிழலுக்குப் போனால் மூன்று ஸ்டாப் இழப்பு; ஒரு ஸ்டாப் குறைவது என்றால் வெளிச்சம் பாதியாவது. ஆக, இந்தப் படங்கள் வெயிலில் மிதப்பது ரசனையால் மட்டும் வந்ததில்லை. வெயிலைவிட்டு விலகினால் இந்த ஃபிலிமுக்குக் கண் தெரியாது.

கழுவியதும் நேர் உருவமாகவே வரும் ஸ்லைடு ஃபிலிமின் இன்னொரு கண்டிப்பு, பிழை பொறுக்காதது. நெகட்டிவில் இரண்டு ஸ்டாப் கூடினாலும் பிரிண்டில் சரிசெய்யலாம். ஸ்லைடில் அரை ஸ்டாப் தவறினாலே கண்ணுக்குத் தெரியும். ஒரு ஸ்டாப் கூடினால் வெள்ளைச் சுவரும் வெள்ளைத் துண்டும் வெறும் கண்ணாடியாகிவிடும், அங்கே மீட்க எதுவும் பதிந்திருக்காது. மத்தியதரைக் கடலோர வீடோ முழுக்கச் சுண்ணாம்பு வெள்ளை. ஒளி அளக்கும் மீட்டரை அப்படியே வீட்டை நோக்கிக் காட்டினால் அது வெள்ளையைச் சாம்பலாக்கப் பார்க்கும். ஒன்றிரண்டு ஸ்டாப் குறைத்துச் சொல்லும். வெயிலில் பழுத்த முகம் கரியாகிவிடும். மாற்று வழி இரண்டு. உள்ளங்கையை வெயிலில் நீட்டி அதை அளந்து ஒரு ஸ்டாப் கூட்டுவது, அல்லது மீட்டரையே நம்பாமல் ஃபிலிம் டப்பாவில் வந்த தாளில் அச்சாகியிருக்கும் முழு வெயில் அளவை அப்படியே வைப்பது. ஆந்தீப்பில் மேகமில்லாத ஜூலையில் பின்னது தவறவே தவறாது. அதன்மேல் அரை ஸ்டாப் கூட்டி ஒன்று, குறைத்து ஒன்று எடுத்துவைப்பார்கள். ஃபிலிம் தொலைவிலுள்ள ஆய்வகத்துக்குப் போய்க் கழுவி வர நாளாகும். அதற்குள் விருந்து கலைந்திருக்கும்.

அரை ஸ்டாப் குறைந்த ஸ்லைடைத்தான் பெரும்பாலும் தேர்ந்தெடுப்பார்கள். வானம் ஆழும், குளத்தின் நீலம் கெட்டிப்படும், அச்சகத்தில் நிறம் பிரிக்கும்போது வெள்ளையில் பிடி கிடைக்கும். இன்று நாம் பழைய காலத்தின் நிறம் என்று ஏங்கிப் பார்க்கும் அந்த அடர்த்தியில் பெரும்பங்கு இந்த அரை ஸ்டாப்புக்குச் சேர வேண்டும்.

படம் எடுக்கக் கற்றுக்கொள்ளும் யாருக்கும் உச்சி வெயிலில் ஆளை எடுக்காதே என்றுதான் முதலில் சொல்லித்தருவார்கள். சரியான பாடம். ஆந்தீப் வட அட்சம் 43.5 பாகையில் இருக்கிறது. ஜூன் கடைசியில் சூரியன் அங்கே 70 பாகைவரை ஏறும், 1.70 மீட்டர் உயர ஆளின் நிழல் வெறும் 62 சென்டிமீட்டர். கண் குழியிலும் மூக்கின் கீழும் கருநிழல் விழ வேண்டும். இந்தப் படங்களில் அது பெரும்பாலும் விழுவதில்லை. காரணம் தரை. வெளிர் சுண்ணாம்புக்கல் பாவிய மேடை மேலிருந்து வரும் ஒளியைத் திருப்பி மோவாய்க்குக் கீழே அனுப்புகிறது. அதாவது வீட்டுக்காரர் தெரியாமலே பல நூறு சதுர அடியில் ஒரு ரிஃப்ளெக்டரைப் பாவி வைத்திருக்கிறார். அதே ஆளைப் புல்தரையில் நிறுத்தினால் கழுத்தில் பச்சை ஏறும். ஆரஞ்சுக் குடையின் கீழ் உட்கார்ந்தால் முகம் குடையின் நிறத்தை வாங்கும். கண்ணால் பார்க்கும்போது மூளை இதைத் திருத்திக்கொள்கிறது, ஃபிலிம் திருத்தாது. வெறும் வானத்தின் நிழலில் ஆளை வைத்தால் நீலம் பாயும், ஏனென்றால் ஒளியின் நிறத்தை அளக்கும் கெல்வின் கணக்கில் ஃபிலிம் 5500க்கு ஒத்தமைத்தது, திறந்த நிழலோ 8000க்கும் மேலே. வெளிர் இளஞ்சிவப்பு ஸ்கைலைட் ஃபில்டரைக் கழற்றாமல் வைத்திருந்தது அதற்காகத்தான்.

கல்மேடை போதாதபோது ஃப்ளாஷ். இங்கே கேமராவின் வகை முக்கியம். 35 மில்லிமீட்டர் கேமராவான அந்தக் கால லைக்காவில், ஃபிலிமுக்கு முன்னால் நகரும் திரை ஷட்டர் ஃப்ளாஷோடு ஒத்து இயங்குவது ஐம்பதில் ஒரு வினாடிவரைதான். ரோலைஃப்ளெக்ஸின் லென்ஸுக்குள் பூவிதழ்போல் விரியும் ஷட்டர் 500இல் ஒரு வினாடிவரை எந்த வேகத்திலும் ஒத்துவரும். வெயிலில் ஃப்ளாஷைக் கலக்க வேண்டுமென்றால் பெரிய கேமராவே வசதி. கணக்கு இப்படி: வெயிலுக்கு எஃப் 8 என்றால் ஃப்ளாஷ் எஃப் 5.6 அளவுக்கு மட்டும், அதாவது ஒரு ஸ்டாப் குறைவாக, விழ வேண்டும். பல்பின் பலத்தைக் குறிக்கும் வழிகாட்டி எண் மீட்டர் கணக்கில் 24 என்றால் 24ஐ 5.6ஆல் வகுத்து 4.3 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். கிட்டே வர வேண்டியிருந்தால் பல்பின்மேல் வெள்ளைக் கைக்குட்டை ஒரு மடிப்பு. ஏறக்குறைய ஒரு ஸ்டாப் குறையும். நீலப் பூச்சுள்ள பல்பையே பயன்படுத்த வேண்டும். அவசரத்தில் தெளிந்த பல்பைப் போட்டவர்களின் படங்களில் கடல் சரியாக நீலமாக இருக்க, முகங்கள் மட்டும் மஞ்சள் காமாலை வந்ததுபோல் இருக்கும். ஃப்ளாஷ் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க விழியைப் பெரிதாக்கிப் பாருங்கள்: வானத்தின் விரிந்த பிரதிபலிப்போடு தனியாக ஒரு ஊசிமுனைப் புள்ளி இருந்தால் ஃப்ளாஷ்.

நின்ற உயரத்துக்கு வருவோம். இந்த வகையில் அதிகம் நினைவில் நிற்கும் படங்கள் மாடியிலிருந்தோ மேட்டிலிருந்தோ எடுத்தவை. கண்ணுக்கு விரிவு கிடைப்பது ஒருபுறம். தண்ணீரின் இயல்பு மற்றொன்று. நீர்மட்டத்துக்கு 10 பாகை உயரத்திலிருந்து சாய்வாகப் பார்த்தால் விழும் ஒளியில் மூன்றில் ஒரு பங்கைக் குளம் கண்ணாடிபோல் திருப்பிவிடும். அங்கே வானத்தைத்தான் பார்ப்போம். நேர் மேலிருந்து பார்த்தால் திரும்புவது இரண்டு சதவீதம் மட்டுமே. குளத்தின் அடிப்பூச்சும், நீர் சிவப்பை உறிஞ்சியதால் மிஞ்சும் பச்சை கலந்த நீலமும் முழுசாக மேலே வரும். பளபளப்பை அடியோடு அழிக்க வேண்டுமானால் போலரைசர் ஃபில்டர் இருக்கிறது. அது நன்றாக வேலை செய்வது நீர்மட்டத்திலிருந்து 37 பாகையில். ஆறு மீட்டர் உயர மாடியில் நின்று எட்டு மீட்டர் தள்ளியிருக்கும் தண்ணீரைப் பார்த்தால் துல்லியமாக அந்தக் கோணம். இரண்டு மாடி வீடும், அதன் முன்னால் குளமும் இருக்கும் எந்த வில்லாவிலும் இந்த இடம் தானாக அமைந்துவிடுகிறது. ஆனால் போலரைசர் ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் தின்னும். 125இல் ஒன்று முப்பதில் ஒன்றாகிவிடும். குளத்தில் குதிக்கும் ஆள் கோடாக இழுபடுவார். எல்லோரும் அசையாமல் படுத்திருக்கும் வேளைக்கே அது உதவும். இந்தப் படங்களில் பலரும் படுத்தே கிடப்பது ஃபிலிமுக்கும் வசதியாக இருந்தது.

நிழலை வைத்து நேரத்தைக் கணிக்கிறவர்கள் ஒரு விஷயத்தை விட்டுவிடுகிறார்கள். பிரான்சு கோடைக்காலக் கடிகாரத்துக்கு மாறியது 1976 மார்ச்சில். இத்தாலி அதற்குப் பத்து ஆண்டு முன்பே, 1966இல் மாறிவிட்டது. ஆகவே 1975 ஆகஸ்டில் ஆந்தீப்பில் சூரியன் உச்சிக்கு வந்தது கடிகாரத்தில் சுமார் 12.35க்கு, மேலே சொன்ன ஈடன் ராக் படம் எடுத்த 1976 ஆகஸ்டில் சுமார் 1.35க்கு. நிழல் குட்டையாக இருப்பதைப் பார்த்து மதியச் சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று எழுதுவதற்குள் எந்த ஆண்டு என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் கோடையே புதிதாக உண்டாக்கப்பட்ட ஒன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயரும் ரஷ்யரும் இந்தக் கடற்கரையான ரிவியேராவுக்கு வந்தது குளிருக்குத் தப்பி; கோடையில் ஓட்டல்கள் மூடிக்கிடக்கும். 1923இல் ஜெரால்டு, சாரா மர்ஃபி என்ற அமெரிக்கத் தம்பதி கேட்டுக்கொண்டதால் ஓட்டல் து காப் கோடையிலும் ஒரு பகுதியைத் திறந்து வைத்தது. வெயிலில் கறுப்பது அழகு என்ற எண்ணம் அதையொட்டிப் பரவியது. போருக்குப் பின் டாலர் வலுத்திருந்தது. 1958 அக்டோபரில் பான் ஆம் நிறுவனம் நியூயார்க்–பாரிஸ் தடத்தில் போயிங் 707ஐ விட்டது. கப்பலில் ஐந்து நாள் ஆன தொலைவு ஓரிரவாயிற்று. இந்த வட்டாரத்தைக் குறிக்கும் 'ஜெட் செட்' என்ற சொல்லை உருவாக்கியவர் என்று பெரும்பாலும் பத்தி எழுத்தாளர் இகோர் கசினியைச் சொல்வார்கள்.

இதற்குப் பின் இடங்களே பார்வைக்காகக் கட்டப்பட்டன. 1962இல் இஸ்மாயிலி சமயத் தலைவர் ஆகா கான் தலைமையில், இத்தாலியத் தீவான சார்டீனியாவின் கோஸ்டா ஸ்மெரால்டா கூட்டமைப்பு உருவானது. ஷாக் குவெல், லூயிஜி வியெத்தி, மிகேல புசிரி விச்சி ஆகிய கட்டடக் கலைஞர்கள் அங்கே தாழ்ந்த, வளைந்த, மண்ணிறமும் வெள்ளையும் கலந்த கட்டடங்களை எழுப்பினார்கள். பாறையைவிடக் கட்டடம் துருத்திக்கொண்டு நிற்காது. டஸ்கனிக் கடற்கரையில் போர்த்தோ எர்கோலேயில் 1965இல் தொடங்கிய இல் பெல்லிகானோ விடுதிக்கு ஆரன்ஸ் பல ஆண்டுகள் திரும்பத் திரும்பப் போனார். ஸ்பெயினின் மார்பெயாவில் இளவரசர் அல்ஃபோன்சோ ஹோஹென்லோஹே 1954இல் தம் தோட்டத்தையே கிளப்பாக்கினார். ஏதென்ஸில் 1961 ஜூலையில் ஒரு மேல்மாடி வீட்டின் நீச்சல் குளத்தில் ஆரன்ஸ் எடுத்த படம், இதே வாழ்க்கை கடற்கரை இல்லாமலும் நடந்தது என்பதைக் காட்டுகிறது.

ஒரு குழப்பத்தை இங்கே தீர்த்துவிட வேண்டும். மஞ்சள் உடையில் ஒருவரும் வெள்ளை உடையில் ஒருவரும் குளக்கரையில் பேசிக்கொண்டிருக்கும், ஆரன்ஸின் மிகப் புகழ்பெற்ற படத்தைப் பலர் ரிவியேரா என்று பகிர்கிறார்கள். அது கலிஃபோர்னியாவின் பாம் ஸ்பிரிங்ஸ், கட்டடக் கலைஞர் ரிச்சர்டு நியூட்ரா 1946இல் கட்டி முடித்த காஃப்மன் வீடு, 1970 ஜனவரி. பின்னால் நிற்பது பாலைவன மலை. மத்தியதரைக் கடலோரத்தில் ஜனவரியில் அந்த உடையில் உட்கார முடியாது.

1970களில் வில்லாக் கதவுகள் மெல்ல மூடத் தொடங்கின. இத்தாலியில் பணத்துக்காக ஆள் கடத்துவது பெருகியது. 1973 ஜூலையில் ரோமில் எண்ணெய்க் கோடீசுவரரின் பேரன் ஜே. பால் கெட்டி III கடத்தப்பட்டு ஐந்து மாதம் சிறைவைக்கப்பட்டார். வீடு எங்கே, குளம் எந்தப் பக்கம், மாடிப்படி எது என்று இதழில் விரித்துக் காட்டுவது ஆபத்து என்று குடும்பங்கள் உணர்ந்தன. அதே கெட்டியின் தம்பி மார்க் கெட்டிதான் 1997இல், தாம் இணைந்து நிறுவிய கெட்டி இமேஜஸ் நிறுவனத்துக்காக ஆரன்ஸின் முழுத் தொகுப்பையும் வாங்கினார். இன்று இணையத்தில் இந்தப் படங்கள் வெள்ளமாகக் கிடைப்பது அந்த விற்பனைக்குப் பிறகுதான்.

அடிக்குறிப்புகளை நிதானமாகப் படிக்க வேண்டும். வீட்டுக்காரர் பெயர், ஊர், மாதம், ஆண்டு இருக்கும். பெண்கள் பல சமயம் கணவர் பெயரால் மட்டுமே குறிக்கப்படுவார்கள். தட்டு ஏந்தி நிற்பவருக்குப் பெயரே இருக்காது. ஆனால் அவருடைய வேலை படம் முழுக்க இருக்கிறது: மடிப்புக் கலையாத துண்டு, ஒரே கோட்டில் நிறுத்திய சாய்நாற்காலிகள், இலை ஒன்றுகூட மிதக்காத நீர், உருகாத பனிக்கட்டி. 30 பாகை செல்சியஸ் வெயிலில் வெளியே வைத்த பனிக்கட்டி நிமிடக் கணக்கில் உருகும். கிண்ணம் நிறைந்திருந்தால் யாரோ இப்போதுதான் நிரப்பிவிட்டுச் சட்டகத்தை விட்டு விலகியிருக்கிறார். இந்த ஓய்வு யாருடைய உழைப்பில் கிடைத்தது என்பதைப் பார்க்காமல் இந்தப் படங்களை ரசிப்பது அரைகுறை ரசனை என்பது என் உறுதியான எண்ணம்.

இனி, கையில் கிடைக்கும் பொருளைப் பற்றி. இன்று நாம் பார்க்கும் நிறம் அன்று இருந்த நிறம்தானா என்பது எந்த ஃபிலிம் என்பதைப் பொறுத்தது. கோடாக்குரோமில் நிறம் உண்டாக்கும் இணைப்பான்கள் ஃபிலிமுக்குள் இல்லை. கழுவும்போது ரசாயனத்தோடு உள்ளே போகும், மிச்சம் வெளியேறிவிடும். அதனால் இருட்டில் வைத்தால் பல பத்தாண்டு அசையாது. இந்தச் சிக்கலான கழுவுமுறையே அதற்கு முடிவும் ஆனது: 2009இல் உற்பத்தி நின்றது, கன்சாஸ் மாநிலத்தின் பார்சன்ஸ் ஊரில் இருந்த கடைசி ஆய்வகம் 2010 டிசம்பர் 30இல் சுருள் வாங்குவதை நிறுத்தியது. எக்டாகுரோமில் இணைப்பான் ஃபிலிமிலேயே இருக்கிறது. 1976–77இல் ஈ-6 என்ற கழுவுமுறை வருவதற்கு முந்தைய எக்டாகுரோம்கள் இருட்டில் வைத்தாலும் நிறம் இழக்கும். பொதுவாக நீலப்பச்சைச் சாயம் முதலில் போய், படம் முழுக்கச் சிவப்பாகும். 1955க்குப் பின் முப்பது ஆண்டுகள் கோடாக்குரோம் நடுத்தர அளவில் விற்கப்படவில்லை. ஆகவே ஒரே வில்லாவில் ஒரே மதியத்தில் இரண்டு கேமராவில் எடுத்தவற்றில், சிறிய ஸ்லைடு இன்றும் புத்தம் புதிதாக இருக்க, பெரிய ஸ்லைடு சிவந்து போயிருக்கும். அப்படிச் சிவந்த ஸ்லைடிலிருந்து வரும் பிரிண்டின் நீலம் கணினியில் மீட்டெடுத்தது. அதில் தவறில்லை; அதை 1960இன் நிறம் என்று சாட்சி சொல்லத்தான் கூடாது.

வாங்குகிறவர்கள் 'வின்டேஜ்' என்ற சொல்லில் ஏமாறுகிறார்கள். புகைப்படச் சந்தையில் அது படம் எடுத்த காலத்தை ஒட்டி, வழக்கமாக ஐந்து ஆண்டுக்குள், போட்ட பிரிண்டைக் குறிக்கும். ஆரன்ஸ் படங்களில் இன்று விற்பவை பெரும்பாலும் எஸ்டேட் முத்திரையுடன், அதாவது அவர் விட்டுச்சென்ற படங்களின் உரிமையாளர் முத்திரையுடன், 150 பிரதி என்ற எண்ணிக்கையில், பின்னாளில் வண்ணப் புகைப்படத் தாளில் போட்ட சி பிரிண்டுகள். நல்ல பிரிண்டுகள்தான், ஆனால் வின்டேஜ் இல்லை. எது எந்த வகை என்று அறியப் பத்து மடங்கு பெருக்கும் லூப் என்ற உருப்பெருக்கி ஒன்று போதும். சீரான ரோஜா வடிவப் புள்ளிகள் தெரிந்தால் ஆஃப்செட் அச்சு, அதாவது சுவரொட்டியோ இதழிலிருந்து கிழித்த தாளோ. சிதறிய மைத்துளி என்றால் இங்க்ஜெட். புள்ளியே இல்லாமல் நிறம் தொடர்ச்சியாக இருந்தால் சி பிரிண்ட் வகை. பின்புறம் பிளாஸ்டிக் வழவழப்பாக இருக்கும் வண்ணப் பிரிண்டை 1950களுடையது என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். கோடாக்கின் பிளாஸ்டிக் பூசிய வண்ணத் தாள் வந்ததே 1968இல்.

பழைய ஸ்லைடு கையில் இருந்தால் மங்கலான பக்கத்தைச் சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். உருவத்தின் விளிம்புகள் செதுக்கியதுபோல் மேடுபள்ளமாகத் தெரிந்தால் கோடாக்குரோம். அதை புரொஜெக்டரில் அதிகம் ஓட்டக் கூடாது. இருட்டில் அத்தனை உறுதியான சாயம் விளக்கின் முன் மற்ற ஃபிலிம்களைவிட விரைவாக வெளுக்கும். ஸ்கேன் செய்யும்போது அகச்சிவப்பு முறைத் தூசிநீக்கியை அணைத்துவிடுங்கள். கோடாக்குரோமில் அது உருவத்தையே தூசி என்று எண்ணி அழிக்கும். பல ஸ்கேனர்களில் நீலச் சாயலும் ஏறும். கோடாக்குரோமுக்கென்றே உள்ள அமைப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அசிட்டேட் அடித்தளம் கொண்ட இந்த ஃபிலிம்களுக்கு இன்னொரு எதிரி, காடி வாடையோடு அந்த அடித்தளமே சிதைவது. 21 பாகை செல்சியஸ், 50 சதவீத ஈரப்பதத்தில் புது ஃபிலிம் சிதையத் தொடங்க ஏறத்தாழ 40 ஆண்டு ஆகும். சென்னை, யாழ்ப்பாணம், சிங்கப்பூர் போன்ற கடலோர ஊர்களின் சூட்டிலும் புழுக்கத்திலும் அந்தக் கெடு மிகவும் சுருங்கிவிடும். ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சையும் சேரும். பூஞ்சை பிடித்த ஸ்லைடைத் தண்ணீர் தொட்டுத் துடைக்கவே கூடாது. பூஞ்சை தின்ற ஜெலட்டின் நீரில் கரையும், உருவம் துணியோடு வந்துவிடும். முதலில் சிலிகா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் உலர்த்தி, ஸ்கேன் எடுத்துவிட்டு, பிறகு மற்றதை யோசிக்கலாம்.

அட்டைச் சட்டத்தைக் குப்பையில் போட்டுவிட்டு ஸ்லைடை மட்டும் பிளாஸ்டிக் உறையில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். போடாதீர்கள். பல கோடாக் சட்டங்களில் மாதமும் ஆண்டும் அச்சாகியிருக்கும். அது கழுவிய தேதி, எடுத்த தேதியில்லை. ஆகஸ்டில் இத்தாலியின் காப்ரித் தீவில் எடுத்த சுருள் அக்டோபர் முத்திரையோடு வந்திருக்கலாம். ஆனால் அந்தத் தேதிக்குப் பின் எடுத்திருக்க முடியாது என்பதற்கு அதைவிட உறுதியான சான்று ஸ்லைடில் வேறெங்கும் இல்லை. ஓரத்தில் பென்சிலில் கிறுக்கிய ஊர்ப்பெயரோ எண்ணோ இருந்தால், சட்டத்தின் இரு பக்கத்தையும் ஸ்கேன் செய்து படத்தோடு ஒரே கோப்புப் பெயரில் சேர்த்து வையுங்கள்.